பொருளடக்கத்தில் இல்லாத பக்கம்

உங்கள் பாடப்புத்தகம் ஒன்றை எடுத்து அதன் பொருளடக்கத்தைப் பாருங்கள். முதல் பாடம் 5-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது, இரண்டாவது 19-இல், மூன்றாவது 34-இல், இப்படியே போய்ப் பன்னிரண்டாம் பாடம் 181-இல் தொடங்கி 196-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். '27-ஆம் பக்கம் எந்தப் பாடத்தில் இருக்கிறது?' என்று யாராவது கேட்டால் புத்தகத்தைப் புரட்டாமலே சொல்லிவிடுவீர்கள். 27-ஐத் தாண்டாத தொடக்க எண்களில் பெரியது 19. ஆகவே அது இரண்டாம் பாடம். சரி, 3-ஆம் பக்கம் எந்தப் பாடம்? 900-ஆம் பக்கம்?

நீங்கள் சிரித்துவிட்டு, '3-ஆம் பக்கம் முன்னுரையாக இருக்கும். 900-ஆம் பக்கம் இந்தப் புத்தகத்திலேயே கிடையாது' என்பீர்கள். கணிப்பொறிக்குச் சிரிக்கத் தெரியாது. அப்படி ஒரு கேள்வி வரக்கூடும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தால் தவிர, அது தடுமாறும். அந்தத் தடுமாற்றம் சாதாரண நிரல் ஒன்றில் நேர்ந்தால் போகட்டும் என்று விடலாம். மற்ற நிரல்கள் ஏன் படுத்தன என்று சொல்ல வேண்டிய நிரலே அப்படித் தடுமாறினால் என்ன செய்வது?

கணிப்பொறியில் ஓடும் எந்த நிரலும் உங்கள் பாடப்புத்தகத்தைப் போன்றதுதான். எழுதுபவர் அதைச் சிறுசிறு துணைநிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கிறார்: 'வட்டி கணக்கிடு', 'படத்தைத் திற', 'செய்தியை அனுப்பு' என்பது போல. ஆனால் ஓடும்போது கணிப்பொறிக்கு இந்தப் பெயர்கள் தேவைப்படுவதில்லை. நிரல் நினைவகத்தில் ஏறியதும் ஒவ்வொரு துணைநிரலும் ஏதோ ஓர் எண்ணில் தொடங்குகிறது. அந்த எண்ணே அதன் முகவரி. எந்தப் பெயர் எந்த முகவரியில் தொடங்குகிறது என்ற பட்டியல் நிரலைத் தயாரிக்கும்போதே உருவாகிறது. அதுதான் நிரலின் பொருளடக்கம்.

கைப்பேசியில் ஒரு செயலி திடீரென்று தானாக மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணத்தில் ஒரு சிறு கருவி விழித்துக்கொண்டு முறிவு அறிக்கை எழுதத் தொடங்குகிறது. எந்த முகவரியில் நிரல் நின்றது, அங்கே அனுப்பியது எது, அதை அனுப்பியது எது என்று பின்னோக்கிப் போகிறது. இதற்கு வழி இருக்கிறது. ஒரு துணைநிரல் இன்னொன்றை அழைக்கும்போதெல்லாம், வேலை முடிந்து திரும்ப வேண்டிய முகவரி நினைவகத்தில் வைக்கப்படுகிறது. பந்தி முடிந்தபின் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல இந்த முகவரிகள் அடுக்கப்படும். கருவி அந்த அடுக்கை மேலிருந்து கீழாகப் படித்து, ஒவ்வோர் எண்ணையும் பொருளடக்கத்தோடு ஒப்பிட்டுப் பெயராக மாற்றி எழுதுகிறது. நிரலை எழுதியவருக்குக் கிடைக்கும் தடயம் பெரும்பாலும் அவ்வளவுதான். முறிவு நடந்த இடத்துக்கு அவர் வரப்போவதில்லை. அது எங்கோ ஓர் ஊரில் யாருடைய பையிலோ இருக்கிறது.

பெயர் தேடும் வேலை மிக விரைவானது. பட்டியலின் நடுவைப் பார்த்து, வேண்டிய எண் அதற்கு மேலா கீழா என்று கேட்டு, ஒரு பாதியைத் தள்ளிவிட்டு மறுபாதியின் நடுவுக்குப் போவது. அகராதியில் நீங்கள் சொல் தேடுவதும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு லட்சம் பெயர்கள் இருந்தாலும் 17 தடவை பார்த்தால் போதும். அழகான முறை. ஆனால் அது ஒன்றை நம்பியிருக்கிறது: கேட்கும் முகவரி பட்டியலின் எல்லைக்குள் இருக்கும் என்று.

முதல் பாடத்துக்கும் முந்தைய பக்கத்தைக் கேட்டால் என்ன ஆகும்? 'நமது எண்ணைத் தாண்டுகிற முதல் பாடம் எது? அதற்கு முந்தையதே விடை' என்பது விதி. இங்கே தாண்டுகிற முதல் பாடமே பட்டியலின் முதல் உருப்படி. கணிப்பொறி அதை 0-ஆவது என்று எண்ணும். அதற்கு முந்தையது 0 கழித்தல் 1. குறை எண்களுக்கு இடமில்லாத 32 பிட் எண்ணாக அதை வைத்திருந்தால் விடை -1 அன்று, 429,49,67,295. பழைய சைக்கிளின் தூரங்காட்டியைப் பூஜ்யத்திலிருந்து பின்னோக்கிச் சுழற்றினால் எல்லா இடத்திலும் 9 வந்து நிற்குமே, அதே கதை. கருவி இப்போது 429 கோடியாவது பாடத்தின் பெயரை எடுக்கப் போகிறது. அங்கே பட்டியல் இல்லை. பெரும்பாலும் எதுவுமே இல்லை. அறிக்கை எழுத வந்த கருவியும் அங்கேயே விழுகிறது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். முதலில் நடந்த முறிவைப் பற்றிய செய்தி அப்படியே போய்விட்டது. ஏதாவது எஞ்சினால் அது கருவியின் முறிவைப் பற்றியதாக இருக்கும். பழுது பார்ப்பவர் தவறான இடத்தில் நாள் கணக்கில் தேடுவார். கணிப்பொறியின் உள்ளுறுப்பிலேயே இந்த அபாயத்துக்கு ஏற்பாடு உண்டு. இன்டெல் வகைச் செயலிகளில், ஒரு கோளாறைக் கவனிக்கப் போகும்போதே இன்னொரு கோளாறு வந்தால் அதற்கெனத் தனி வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியிலும் கோளாறு வந்தால் செயலி கைவிட்டுவிடும். கணிப்பொறி முதலிலிருந்து தொடங்கும். திரையில் ஒரு சொல்கூட இராது.

'இதெல்லாம் அபூர்வமாக நடப்பது. நடக்காத ஒன்றுக்காக ஏன் மெனக்கெட வேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. அனுபவம் உள்ள நிரலாளர்களே இப்படிக் கேட்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முறிவு அறிக்கைக் கருவி நல்ல நாளில் ஓடுவதே இல்லை. ஏதோ ஒன்று ஏற்கெனவே கெட்டுப்போன பிறகுதான் அதற்கு அழைப்பு வருகிறது. மற்ற நிரல்களுக்கு எதிர்பாராதது எதுவோ, அது இதற்கு அன்றாடச் சோறு. தீயணைப்பு வண்டியை 'வெப்பம் அதிகமான இடங்களுக்கு ஏற்றதன்று' என்று வடிவமைப்பார்களா?

விசித்திரமான முகவரிகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 'அடுத்து எங்கே போக வேண்டும்' என்று குறித்து வைக்க வேண்டிய இடத்தை நிரப்ப ஒருவர் மறந்துவிடுகிறார். அங்கே பூஜ்யம் இருக்கிறது. நிரல் பூஜ்ய முகவரிக்குத் தாவி, அங்கே விழுகிறது. இது நிரலுலகில் மிகப் பழகிய பிழைகளுள் ஒன்று. ஆக, 0 என்பது அறிக்கைக் கருவி நிச்சயம் சந்திக்கப்போகும் எண்.

இன்னொன்று சுவையானது. ஒருவர் பெயர் எழுத 20 எழுத்து இடம் ஒதுக்கியிருக்கிறார். வந்த பெயர் 40 எழுத்து. மிஞ்சிய எழுத்துகள் பக்கத்தில் இருந்த முகவரி அடுக்கின்மேல் வழிந்துவிடுகின்றன. ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'-க்கு ஆஸ்கி முறையில் எண் 65. பதினாறடிமான முறையில் அதையே 41 என்று எழுதுவார்கள். எனவே முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 41414141 என்று கண்டால், பழகியவர் உடனே சொல்லிவிடுவார்: 'நான்கு ஏ வந்து முகவரியை அழித்திருக்கிறது, எழுத்து வழிந்த இடத்தைத் தேடுங்கள்.' அந்த விசித்திர எண்ணே குற்றவாளியின் கைரேகை! அதைக் கண்டு கருவி மயங்கி விழுந்தால், கிடைத்த சாட்சியங்களுள் சிறந்ததை நாமே அழித்தவர்கள் ஆகிறோம்.

பொருளடக்கமும் புத்தகமும் பொருந்தாமல் போவதும் உண்டு. சென்ற ஆண்டுப் பதிப்பின் பொருளடக்கத்தை வைத்து இந்த ஆண்டுப் புத்தகத்தில் தேடினால் பக்கங்கள் மாறித்தானே இருக்கும்? நிரலை ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் முகவரிகள் இடம் மாறக்கூடும். இது போதாதென்று, பாதுகாப்புக்காக நிரலை ஒவ்வொரு முறையும் நினைவகத்தின் வெவ்வேறு இடத்தில் ஏற்றும் வழக்கமும் வந்துவிட்டது. 2001-இல் லினக்ஸுக்காகப் பேக்ஸ் என்ற திட்டத்தார் செய்து காட்டிய இந்த முறை இன்று கைப்பேசிகளிலும் மேசைக் கணிப்பொறிகளிலும் வழக்கமாகிவிட்டது. எதிரி ஊகிக்க முடியாதபடி வீட்டை நகர்த்தி வைக்கிறோம். நம் தபால்காரரும் திண்டாடுகிறார். எவ்வளவு நகர்த்தினோம் என்ற எண்ணைக் கழித்த பிறகுதான் பெயரைத் தேட வேண்டும். அந்த எண் தவறினால் எல்லா விடையும் தவறு.

அடுக்கில் இருக்கும் 'திரும்ப வேண்டிய முகவரி'யிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது அழைத்த இடத்தைக் காட்டாது. அதற்கு அடுத்த இடத்தைக் காட்டும். இரண்டாம் பாடத்தின் கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில் அழைப்பு இருந்தால், திரும்ப வேண்டிய பக்கம் 34 என்று எழுதியிருக்கும். அதுவோ மூன்றாம் பாடம்! பழி பக்கத்து வீட்டுக்காரன்மேல் விழுகிறது. இதைத் தவிர்க்க, நல்ல கருவிகள் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்துவிட்டுத் தேடுகின்றன. நல்ல யோசனைதான். ஆனால் அந்த எண் பூஜ்யமாக இருந்தால்? மறுபடியும் 0 கழித்தல் 1. ஒரு பிழையைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடே இன்னொன்றுக்கு வாசல் திறக்கிறது. ஆகவே கழிக்கும் முன்பும் பார்த்துத்தான் கழிக்க வேண்டும்.

இப்போது என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். கருவி விழுந்துவிடுவதைவிட மோசமான ஒன்று உண்டு. அது விழாமல் பொய் சொல்வது. 900-ஆம் பக்கத்தைக் கேளுங்கள். '900-ஐத் தாண்டாத தொடக்க எண்களில் பெரியது 181; ஆகவே பன்னிரண்டாம் பாடம்' என்று கருவி தயங்காமல் சொல்லும். அந்தப் பாடம் 196-ஆம் பக்கத்திலேயே முடிந்துவிட்டது என்பதை அது பார்க்கவே இல்லை. விழுந்த கருவியைப் பார்த்தால் ஏதோ சரியில்லை என்றாவது தெரியும். நேர்த்தியாக அச்சிட்ட தவறான பெயரை யார் சந்தேகிப்பார்கள்? ஆயிரக்கணக்கான கைப்பேசிகளிலிருந்து வரும் அறிக்கைகளைப் பெயர் வாரியாகப் பிரித்து அடுக்குவது இன்றைய வழக்கம். தவறான பெயரின் கீழ் ஒரு குவியல் சேர்ந்தால், குற்றமற்ற துணைநிரலை எழுதியவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உண்மையான பிழை அடுத்த பதிப்பிலும் உட்கார்ந்திருக்கும்.

அறிக்கையே ஆபத்தானதற்கு விண்வெளித் துறையில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1996 ஜூன் 4-ஆம் நாள், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணிக்கும் கருவியில், கிடைத்திசை வேகத்தோடு தொடர்புள்ள ஓர் எண்ணை 64 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றும் வேலை இருந்தது. 16 பிட்டில் அடங்கக்கூடிய பெரிய எண் 32,767. சிறியதான ஏரியான் 4-இல் அந்த எல்லையைத் தாண்டாத எண், வேகமான ஏரியான் 5-இல் தாண்டிவிட்டது. மாற்றுக் கருவி முதலில் நின்றது. அதிலும் அதே நிரல்தான். 72 மில்லி நொடி கழித்து முதன்மைக் கருவியும் நின்றது. இதுவரை கேட்டதும் 'எண் அடங்கவில்லை, அதனால் விபத்து' என்று பலர் கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். நிற்கும்போது முதன்மைக் கருவி தன் கோளாறைப் பற்றிய குறிப்பைக் கம்பி வழியே அனுப்பியது. ராக்கெட்டின் முதன்மைக் கணிப்பொறி அதைக் கோளாறுக் குறிப்பு என்று அறியவில்லை. ராக்கெட்டின் நிலையைச் சொல்லும் எண் என்றே எடுத்துக்கொண்டது. இல்லாத சாய்வைத் திருத்துவதற்காகப் புகைபோக்கு முனைகளை முழுக்கத் திருப்பியது. ராக்கெட் பக்கவாட்டில் வளைந்து, காற்றின் விசையில் உடைந்து, முதன்மை எஞ்சின் பற்றவைத்த 40 நொடிகளுக்குள் வெடித்துச் சிதறியது. பூமியின் காந்தப்புலத்தை ஆராயச் சென்ற நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அதோடு போயின. ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்தால் ஒன்று புரியும்: உறுப்பு பழுதாகலாம் என்று எண்ணினார்களே தவிர, நிரலும் தவறலாம் என்று எண்ணி ஏற்பாடு செய்யவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, இறங்கு கலத்தின் கணிப்பொறிக்கு வேலைப்பளு மிகுந்துவிட்டது. அது நீளமான விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. 1202 என்று ஓர் எண்ணைக் காட்டியது. முக்கியமற்ற வேலைகளைத் தள்ளிவிட்டு இறங்கும் வேலையைத் தொடர்ந்தது. ஹூஸ்டனில் ஜாக் கார்மன் என்ற 24 வயது இளைஞரிடம் அந்த எண்களுக்குக் கைப்பட எழுதிய பட்டியல் இருந்தது. சில வாரங்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இப்படி ஓர் எண் வந்து எல்லோரும் திகைத்த பிறகு தயாரித்த பட்டியல் அது. தொடரலாம் என்ற பதில் சில நொடிகளில் போயிற்று. வெறும் எண்தான். ஆனால் உண்மையான எண். வந்து சேர்ந்த எண்.

முறிவு அறிக்கைக் கருவி செய்பவர்களிடம் நான் கேட்பதும் அதுவே. முதலில் எண்ணை எழுதிவிடு. பிறகு பெயரைத் தேடு. பெயர் கிடைத்தால் பக்கத்தில் சேர்த்துக்கொள். கிடைக்காவிட்டால் 'பெயர் தெரியவில்லை' என்று எழுது. அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவியை நான் நம்புவேன். பொருளடக்கத்தில் தொடக்க எண் மட்டும் போதாது, முடிவு எண்ணும் வேண்டும். புத்தகமும் பொருளடக்கமும் ஒரே பதிப்புதானா என்பதை இரண்டிலும் பொறித்த அடையாள எண்ணைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். அடுக்கு கெட்டுப்போய் ஒரு முகவரி தன்னையே சுட்டிக்கொண்டிருந்தால் கருவி செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். எத்தனை படிகள் வரை போகலாம் என்று ஒரு வரம்பு கட்டிவிட வேண்டும்.

இன்னொன்று, கருவி எங்கே இருக்க வேண்டும் என்பது. விழுந்துகொண்டிருக்கும் நிரலுக்குள்ளேயே உட்கார்ந்து அறிக்கை எழுதுவது, இடிந்துவிழும் வீட்டுக்குள் உட்கார்ந்து இடிந்ததைப் பற்றி எழுதுவது போல. அதன் நினைவகமே பழுதாகி இருக்கலாம். ஆகவே தனி நிரலாக வெளியில் நின்று கவனிக்கும் கருவிகளை இப்போது செய்கிறார்கள். இதுவே சரியான வழி என்று நினைக்கிறேன். 2024 டிசம்பர் 29 அன்று தென் கொரியாவின் முவான் விமான நிலையத்தில் ஜேஜு ஏர் விமானம் விபத்துக்குள்ளாகி 179 பேர் இறந்தனர். அதன் இரண்டு பதிவுக் கருவிகளிலும் கடைசி நான்கு நிமிடப் பதிவு இல்லை. அறிய வேண்டிய நிமிடங்கள் அவைதாம். கவனிக்கப்படும் பொருளோடு சேர்ந்தே கவனிக்கும் கருவியும் நின்றுபோனால் என்ன இழப்பு என்பதை அந்தக் குடும்பங்கள் அறியும்.

செலவு அதிகமாகுமே என்பார்கள். எல்லை பார்க்கும் நிபந்தனை ஒன்றோ இரண்டோ வரிதான். அதுவும் நிரல் படுத்துவிட்ட பிறகு ஓடுவது. ஓரிரு மைக்ரோ நொடி தாமதமானால் யாருக்கு நட்டம்?

பைத்தான் மொழி கற்பவர்கள் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மேலே சொன்ன புத்தகத்தின் தொடக்கப் பக்கங்களை ஒரு பட்டியலாக வைத்து, பக்க எண் கொடுத்தால் பாடம் சொல்லும் சிறு நிரல் எழுதுங்கள். பிறகு பக்கம் 3-ஐக் கொடுங்கள். பைத்தானில் ஒரு பட்டியலின் -1-ஆவது இடம் என்றால் கடைசி உருப்படி என்று பொருள். எனவே எல்லை பார்க்காத உங்கள் நிரல் படுக்காது, முனகாது. முன்னுரைப் பக்கத்தைக் காட்டி 'பன்னிரண்டாம் பாடம்' என்று சொல்லும்! அதைச் சரிசெய்த பின் 0, 4, 5, 33, 34, 196, 197, 900 ஆகிய எட்டு எண்களையும் கொடுங்கள். 5-க்கு முதல் பாடமும், 33-க்கு இரண்டாவதும், 34-க்கு மூன்றாவதும், 196-க்குப் பன்னிரண்டாவதும் வர வேண்டும். மற்ற நான்குக்கும் பாடத்தின் பெயர் வரக்கூடாது. 'பொருளடக்கத்தில் இல்லை' என்ற சொல்லும், கூடவே நீங்கள் கொடுத்த எண்ணும் வர வேண்டும்.